இலவச கிளினிக்ல வாலண்டியரா சேரணுமா? டெல்டா பக்கம் புதுசா வர்றவங்களுக்கு ஒரு வழிகாட்டி

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, கீவளூர் பக்கமெல்லாம் ஞாயித்துக்கிழமை ஆனா ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துலயோ கல்யாண மண்டபத்துலயோ ட்ரஸ்ட் கட்டடத்துலயோ இலவசமா வைத்தியம் பாக்குற கிளினிக் நடக்கும். டாக்டர் ஒருத்தரோ ரெண்டு பேரோ வருவாங்க, நர்ஸ் இருப்பாங்க, மீதி வேலை பூரா வாலண்டியர் தலையிலதான். "நான் டாக்டருக்கும் படிக்கல நர்ஸுக்கும் படிக்கல, நான் வந்து என்ன பண்ண போறேன்"னு தயங்குறவங்க நிறைய பேர பாக்குறேன், அவங்களுக்காகத்தான் இத எழுதுறேன்.

முதல்லயே ஒரு விஷயத்த சொல்லிடுறேன், மீதி எல்லாமே இதுலேர்ந்துதான் வருது. நம்ம கிளினிக்குக்கு வர்றதுல பெரும்பாலானவங்களுக்கு பிரசர், சுகர், மூட்டு வலி. ஒரு அம்மாவ ஒரு நாள் பாத்து பத்து மாத்திரை குடுத்து அனுப்பிட்டா பதினோராவது நாள் அந்தம்மா பழைய நிலைமைக்கே போயிடும். அதனால வந்தவங்க அடுத்த தடவையும் வரணும், குடுத்த மாத்திரைய ஒழுங்கா சாப்பிடணும், ஜி.எச்சுக்கு எழுதிக் குடுத்தா அங்க போயி சேரணும். இந்த மூணும் நடக்குறது டாக்டர் கையில இல்ல, ரெஜிஸ்டர் எழுதுற, பிரசர் பாக்குற, மாத்திரைய விளக்குற, போன் பண்ற ஆளுங்க கையிலதான் இருக்கு. அந்த ஆளு நீங்கதான்.

எங்க சேர்றதுன்னு பாக்குறது

ஊர்ல லயன்ஸ், ரோட்டரி, கோயில், சர்ச், ஜமாத், தொழிற்சங்கம்னு யாராவது ஒருத்தர் நடத்துவாங்க. தெரியலன்னா உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல இருக்குற கிராம சுகாதார செவிலியர்கிட்ட கேளுங்க, அவங்களுக்கு தெரியாம அந்த ஏரியாவுல ஒரு கேம்ப்பும் நடக்காது. காலேஜ் பசங்க என்எஸ்எஸ் மூலமா வரலாம், ரெண்டு வருஷத்துல 240 மணி நேரம் காட்டணும்ல, அதுக்கு இது நல்ல வழி.

சேர்றதுக்கு முன்னாடி ஒரு நாள் சும்மா போயி உக்காந்து பாருங்க. டாக்டர் மருத்துவ கவுன்சில்ல பதிவு பண்ணவரா? மருந்து குடுக்குற இடத்துல ஃபார்மசிஸ்ட் இருக்காங்களா? ரெஜிஸ்டர் இருக்கா, போன தடவை வந்தவங்க பேரு அதுல திரும்ப வருதா? "இலவச பரிசோதனை"ன்னு போர்டு வச்சிட்டு வர்றவங்களையெல்லாம் ஒரே தனியார் ஆஸ்பத்திரிக்கு ஆபரேஷனுக்கு தள்ளி விடுற எடமும் இருக்கு, சத்து பவுடர் டப்பா விக்கிற எடமும் இருக்கு, அந்த மாதிரி எடத்துல நம்ம உழைப்ப குடுக்க வேண்டாம். மாசத்துக்கு ஒரு தடவையோ ரெண்டு தடவையோ, ஆனா வருஷம் பூரா விடாம நடக்குற சின்ன கிளினிக்கா பாத்து சேருங்க. வருஷத்துக்கு ஒரு தடவை பந்தல் போட்டு மைக் செட் கட்டி நடத்துற மெகா கேம்ப்ப விட இதுலதான் ஜனங்களுக்கு பிரயோஜனம், இது என் அபிப்ராயம், இதுல நான் மாறவே மாட்டேன்.

போறதுக்கு முன்னாடி உங்க உடம்ப பாத்துக்குங்க

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூணு டோஸ் போடணும், மொத டோஸ், ஒரு மாசம் கழிச்சு ஒண்ணு, ஆறாவது மாசம் ஒண்ணு. ரத்தம் எடுக்குற டேபிள் பக்கம் போறதா இருந்தா இது கட்டாயம். டிடி ஊசியும் எப்ப போட்டோம்னு பாத்துக்குங்க. சளி காய்ச்சல் இருந்தா அன்னைக்கு வராதீங்க, வர்றதுல பாதிப்பேர் வயசானவங்க. காட்டன் டிரெஸ், மூடுன செருப்பு, நகத்த வெட்டியிருக்கணும், சென்ட் வேண்டாம். ஒரு பேனா, ஒரு சின்ன நோட்டு, தண்ணி பாட்டில். அவ்ளோதான்.

வந்தவங்கள எப்படி கூப்புடுறது

இத பலபேரு சின்ன விஷயம்னு நினைக்கிறாங்க. டெல்டாவுல இது சின்ன விஷயம் இல்ல. 1968 டிசம்பர் 25ல கீழ்வெண்மணியில கூலி உயர்வு கேட்ட தலித் குடும்பங்கள்ல 44 பேர உயிரோட எரிச்ச மண்ணு இது. வயல் வேலை பாக்குற எழுபது வயசு பெரியவர, இருபது வயசு பையன் "வா, போ, உக்காரு"ன்னு பேசுறத இப்பவும் பாக்கலாம், அவரும் பழகிப்போயி துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டு ஓரமா நிப்பாரு. நம்ம கிளினிக்குல அது நடக்கக் கூடாது. எல்லாருக்கும் "வாங்க, உக்காருங்க". ஐயா, அம்மா, அண்ணே, அக்கான்னு எது உங்க வாயில வருதோ அது, வயசானவங்கள அப்பாயி, தாத்தான்னு கூப்புட்டாலும் சந்தோஷப்படுவாங்க, ஆனா யாருக்கா இருந்தாலும் "ங்க" போட்டு பேசணும், ஆளுக்கு தகுந்த மாதிரி மாத்தக் கூடாது. எல்லாருக்கும் ஒரே மாதிரி நாற்காலி, ஒரே குடம், ஒரே டம்ளர்.

ரெஜிஸ்டர் எழுதும்போதும் இதே கவனம் வேணும். எங்க பக்கம் தெரு பேர சொன்னாலே சாதி தெரிஞ்சிடும், அதனால சத்தமா "எந்த தெரு?"ன்னு கேக்காதீங்க. "வீட்டுக்கு பக்கத்துல என்ன இருக்கு, டேங்க்கா, ரேஷன் கடையா?"ன்னு அடையாளம் கேட்டு எழுதிக்குங்க, தேடிப் போகவும் அதுதான் உதவும். ஒரே ஊர்ல நாலு செல்வராஜ், ஆறு மாரியம்மா இருப்பாங்க, அதனால அப்பா பேரோ வீட்டுக்காரர் பேரோ சேத்து எழுதணும். போன் நம்பர் வாங்கும்போது அது யாரோட நம்பர்னு பக்கத்துலயே எழுதுங்க, பேரனோட நம்பரா இருந்தா அவன் திருப்பூர்ல வேலை பாத்துக்கிட்டு இருப்பான், நீங்க கூப்பிட்டு ஒண்ணும் ஆகாது, பக்கத்து வீட்டு நம்பர் ஒண்ணையும் சேத்து வாங்கிடுங்க. வயசு சரியா தெரியாதவங்ககிட்ட "மொத புள்ள பொறந்தப்ப எத்தன வயசு, அந்த புள்ளைக்கு இப்ப எத்தன வயசு"ன்னு கேட்டா ஓரளவு கணக்கு கெடச்சிடும்.

டோக்கன் வரிசையில யார முன்னாடி விடணும்

முதல் பஸ்ஸுல வந்தவங்க முதல் டோக்கன், சரிதான். ஆனா வரிசையில நடந்து போயி ஒரு தடவை ஒவ்வொருத்தர் முகத்தையும் பாத்துட்டு வாங்க, அரை மணிக்கு ஒரு தடவை. நெஞ்சு வலி, நெஞ்சு அடைக்குதுன்னு வேர்த்துக்கொட்டுறவங்க, மூச்சு வாங்குறவங்க, திடீர்னு வாய் கோணிப்போனவங்க, ஒரு பக்கம் கை கால் விழுந்தவங்க, பேச்சு குழறுறவங்க, வலிப்பு வந்தவங்க, காய்ச்சல்ல துவண்டு கெடக்குற குழந்தை, தலைவலியோட கண்ணு மங்குதுன்னு சொல்ற கர்ப்பிணி. இவங்க யாருக்கும் டோக்கன் கெடையாது, நேரா டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க, டாக்டர் இன்னும் வரலன்னா உடனே 108. பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டிய கரைக்கிற ஊசி நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும், அதுலயும் எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது, அதனால "கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க"ன்னு நேரத்த கேட்டு ஒரு சீட்டுல எழுதி கூட அனுப்புங்க. அந்த ஒரு வரி அங்க இருக்குற டாக்டருக்கு ரொம்ப முக்கியம்.

பிரசர் பாக்குறது

மெஷின்ல பட்டன அமுக்குறது யாருக்கும் வரும், சரியா பாக்குறதுக்குத்தான் பழகணும். பஸ்ஸுலேர்ந்து இறங்கி வேகு வேகுன்னு நடந்து வந்தவங்கள உடனே உக்கார வச்சு பாத்தா கூடத்தான் காட்டும். அஞ்சு நிமிஷம் சும்மா உக்காரட்டும். முதுகு சாஞ்சு இருக்கணும், ரெண்டு காலும் தரையில, கால் மேல கால் போடக் கூடாது, கைய டேபிள் மேல நெஞ்சு மட்டத்துக்கு வைக்கணும். கையில சுத்துற மெஷின் பட்டிய சட்டைக்கு மேலயோ ஜாக்கெட் கைக்கு மேலயோ கட்டக் கூடாது, முழங்கை மடிப்புக்கு ரெண்டு விரல் மேல வெறும் கையில கட்டணும். பெரிய கைக்கு சின்ன பட்டி கட்டினா அளவு தப்பா கூடுதலா வரும், அதனால கிளினிக்குல பெரிய சைஸ் பட்டி ஒண்ணு இருக்கான்னு மொத நாளே கேளுங்க. கட்டினதுக்கப்புறம் அவங்களும் பேசக் கூடாது நீங்களும் பேசக் கூடாது, இதுதான் எங்க ஊர்ல ரொம்ப கஷ்டம். அரை மணிக்குள்ள டீ காபி குடிச்சாங்களா, வெத்தலை புகையிலை போட்டாங்களா, ஒண்ணுக்கு போகணும்னு அடக்கிட்டு இருக்காங்களான்னு கேட்டுட்டு பாருங்க. ஒரு நிமிஷம் விட்டு ரெண்டாவது தடவையும் பாத்து ரெண்டையும் எழுதுங்க.

140க்கு 90ன்னு வந்துச்சுன்னா கூடத்தான், ஆனா "உங்களுக்கு பிரசர் இருக்கு"ன்னு நீங்க சொல்லாதீங்க. ஒரு நாள் அளவ வச்சு முடிவு பண்றது இல்ல அது, டாக்டர் சொல்லட்டும். 180க்கு 120ஐ தாண்டினா எழுந்து போயி டாக்டர் காதுல சொல்லுங்க, வரிசையில கத்தி சொல்லாதீங்க, கேட்டாலே அவங்களுக்கு இன்னும் ஏறிடும்.

இங்க ஒரு கேள்விய மறக்காம கேளுங்க: "இன்னைக்கு காலையில பிரசர் மாத்திரை போட்டீங்களா?" நிறைய பேரு "இன்னைக்கு டாக்டர பாக்கப் போறோமேன்னு போடல"ம்பாங்க. அத ரெஜிஸ்டர்ல எழுதலன்னா, டாக்டர் அளவு பத்தலன்னு நினைச்சு மாத்திரைய கூட்டிடுவாரு.

சுகர் டேபிள்

நர்ஸோ லேப் டெக்னீஷியனோ உங்களுக்கு சொல்லிக்குடுத்து, பக்கத்துல இருந்து பாத்தப்புறம்தான் நீங்களா செய்யணும். அவங்க கைய சோப்பு போட்டு கழுவச் சொல்லுங்க, மாம்பழம் தின்ன கையோட, டீக்கடையில பன்னு தின்ன கையோட பாத்தா அளவு எகிறும். விரல் நுனிக்கு நடுவுல குத்தாம ஓரத்துல குத்துனா வலி கம்மி. பிழிஞ்சு பிழிஞ்சு ரத்தம் எடுக்காதீங்க. சுகர் மெஷின்ல வைக்கிற ஸ்ட்ரிப்ப எடுத்த உடனே டப்பாவ மூடணும், ஐப்பசி கார்த்திகை ஈரத்துல தொறந்து கெடந்தா ஸ்ட்ரிப் வீணாயிடும், தப்பு அளவு காட்டும்.

ஒரு ஆளுக்கு ஒரு லான்செட் (விரல குத்துற சின்ன ஊசி), அப்புறம் அது உடனே குத்து தாங்குற வெள்ளை டப்பாவுக்குள்ள போயிடணும். குத்துன லான்செட்டுக்கு திரும்ப மூடி போட முயற்சி பண்ணாதீங்க. ரத்தம் பட்ட பஞ்சு மஞ்ச கவருக்கு. உங்க விரல்ல குத்திக்கிச்சுன்னா பயந்து பிழியாதீங்க, ஓடுற தண்ணியில சோப்பு போட்டு கழுவிட்டு அப்பவே டாக்டர்கிட்ட சொல்லுங்க. எச்.ஐ.வி தடுப்பு மாத்திரை தேவையான்னு அவரு முடிவு பண்ணுவாரு, ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா நல்லது, 72 மணி நேரத்துக்கு மேல ஆரம்பிச்சு பிரயோஜனம் இல்ல, அதனால வெக்கப்பட்டு மறைக்காதீங்க.

"வெறும் வயித்துல வாங்க"ன்னு சொன்னதுக்காக பாதி நாள் பட்டினியா, ஆனா சுகர் மாத்திரைய மட்டும் போட்டுட்டு வந்துடுறவங்க உண்டு. வேர்த்து, கை நடுங்கி, கண்ண இருட்டுதுன்னு சொன்னா உடனே சுகர் பாருங்க, 70க்கு கீழ இருந்தா மூணு ஸ்பூன் சர்க்கரைய தண்ணியில கரைச்சு குடுங்க, கால் மணி நேரம் கழிச்சு திரும்ப பாருங்க. நெனவு இல்லன்னா வாயில எதுவும் ஊத்தக் கூடாது, புரையேறிடும், டாக்டர கூப்புடுங்க. இதுக்காகவே அந்த டேபிள்ல ஒரு டப்பா சர்க்கரை எப்பவும் இருக்கணும்.

சுகர் இருக்குறவங்க கால பாக்கணும்னு டாக்டர் சொல்லுவாரு, நீங்க செருப்ப கழட்டச் சொல்லி, குனிஞ்சு, விரல் இடுக்கு, அடிப்பாதம் ரெண்டையும் பாத்து சொல்லுங்க. சேத்துல வெறுங்கால்ல நிக்கிறவங்க, கால் மதமதப்பா இருக்குறதால முள்ளு குத்தினதே தெரியாம நடந்துக்கிட்டு இருப்பாங்க. உங்ககிட்ட கால நீட்ட கூச்சப்படுவாங்க, "அட நீட்டுங்கம்மா"ன்னு சாதாரணமா சொன்னா போதும்.

மாத்திரை குடுக்குற எடம்

1948ம் வருஷத்து பார்மசி சட்டம் 42வது பிரிவுப்படி பதிவு பெற்ற ஃபார்மசிஸ்ட்தான் மருந்து குடுக்கணும். நம்ம வேலை குடுத்த மருந்த விளக்குறது. எனக்கு இந்த கிளினிக்லயே ரொம்ப பிடிச்ச எடம் இது, இங்கதான் நல்ல வாலண்டியருக்கும் சும்மா நிக்கிறவங்களுக்கும் வித்தியாசம் தெரியும்.

சீட்டுல "காலை 1, இரவு 1, சாப்பாட்டுக்கு பின்"ன்னு இருக்கும். நடவுக்கு போற அம்மா விடியக்கருக்கல்ல எந்திரிச்சு ஒரு கடுந்தேத்தண்ணியோட கிளம்பிடும், வரப்புல உக்காந்து தூக்குச்சட்டிய தொறக்குறப்ப பத்து பதினொண்ணு ஆயிடும். அந்தம்மாவுக்கு "காலை"ன்னா எது? மெட்ஃபார்மின்ங்கிற சுகர் மாத்திரைய சாப்பாட்டோட போடணும், வெறும் வயித்துல போட்டா குமட்டும் வயித்தால போகும், ரெண்டு நாள் பாத்துட்டு "இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கல"ன்னு நிறுத்திடுவாங்க. அதனால "மொத சோறு எப்ப சாப்டுவீங்க, எங்க சாப்டுவீங்க?"ன்னு கேளுங்க. வயல்லதான்னா மாத்திரைய ஒரு சின்ன பொட்டலத்துல தூக்குச்சட்டி கூடவே வைக்கச் சொல்லுங்க. படிக்கத் தெரியாதவங்களுக்கு கவர் மேல சூரியன் ஒண்ணு, நிலா ஒண்ணு வரைஞ்சு குடுங்க.

சொல்லி முடிச்சதும் "புரிஞ்சுதா?"ன்னு கேக்காதீங்க, எல்லாரும் தலையாட்டுவாங்க. "அம்மா, வீட்டுக்கு போயி எப்படி சாப்டுவீங்கன்னு எனக்கு ஒரு தடவ சொல்லுங்க, நான் சரியா சொன்னேனான்னு பாத்துக்குறேன்"னு கேளுங்க. அவங்க சொல்லும்போதுதான் எங்க குழம்பியிருக்குன்னு தெரியும், குழம்புன எடத்த மட்டும் திரும்ப சொல்லுங்க.

அடுத்தது மஞ்சப்பை. அடுத்த தடவை வரும்போது வீட்ல இருக்குற எல்லா மாத்திரையையும் ஒரு மஞ்சப்பையில போட்டு எடுத்துட்டு வரச் சொல்லுங்க. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5ல ஆரம்பிச்சதுலேர்ந்து பிரசர் சுகர் மாத்திரை நிறைய பேருக்கு வீட்டுக்கே வருது, ரொம்ப நல்ல திட்டம். ஆனா அங்க குடுத்த அம்லோடிபின்ங்கிற பிரசர் மாத்திரை ஒரு அட்டையில இருக்கும், நம்ம குடுத்த அம்லோடிபின் வேற கம்பெனி பேர்ல வேற கலர் அட்டையில இருக்கும், ரெண்டும் வேற வேறன்னு நினைச்சு ரெண்டையும் சாப்டுட்டு தலை சுத்தி விழுந்தவங்க உண்டு. அட்டையில சின்ன எழுத்துல இருக்குற மருந்து பேர படிச்சு ஒண்ணா இருந்தா டாக்டர்கிட்ட காட்டுங்க. வீட்டுக்கு மாத்திரை வர்றவங்களுக்கு நாம திரும்ப குடுக்கத் தேவையே இல்ல, வராதவங்கள அந்த திட்டத்துல சேத்து விடுங்க, அதுதான் நிரந்தரம்.

அந்த பையில மேல்வலிக்குன்னு மெடிக்கல்ல வாங்குன லூஸ் மாத்திரையும் இருக்கும், பேரு இருக்காது, நாலு கலர்ல. களை பறிச்சுட்டு வந்து ராத்திரி தூக்கம் வராம கை கால் கொடச்சல்ல கெடக்குறவங்க அத வாங்கித்தான் மறுநாள் வேலைக்கு போறாங்க, திட்டாதீங்க. வலி மாத்திரைய நாள் கணக்குல சாப்டா கிட்னி கெடும், பிரசரும் ஏறும்னு டாக்டர விட்டு சொல்லச் சொல்லுங்க. "ஒரு ஊசி போட்டு விடச் சொல்லு தம்பி"ன்னு கேப்பாங்க, அதுக்கும் "டாக்டர்கிட்ட கேக்குறேங்க"ன்னு மட்டும் சொல்லுங்க.

ஊர்க்காரங்க மிச்சம் இருக்குற மாத்திரைய தானமா கொண்டு வந்து குடுப்பாங்க. பிரிச்ச பாட்டில், வெட்டுன அட்டை, தேதி முடிஞ்சது எதையும் வாங்காதீங்க.

பேப்பர் வேலை

மருத்துவம் ஒண்ணுமே தெரியாத ஆளு இந்த டேபிள்ல உக்காந்தா ஒரு குடும்பத்தையே காப்பாத்தலாம். முதலமைச்சர் காப்பீட்டு திட்டத்துல குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் கெடைக்கும், வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருக்கணும். ரேஷன் கார்டு, ஆதார், வி.ஏ.ஓகிட்ட வாங்குன வருமான சான்று, இத எடுத்துட்டு கலெக்டர் ஆபீஸ்ல இருக்குற காப்பீட்டு மையத்துக்கு போகணும். சந்தேகம்னா 1800 425 3993க்கு நீங்களே போன் போட்டு கேட்டு சொல்லுங்க. ஆபரேஷன்னு ஆனப்புறம் கார்டுக்கு அலையுறதவிட இப்பவே எடுத்து வச்சுக்கச் சொல்லணும்.

ரெண்டு வாரத்துக்கு மேல இருமல்னா சளி பரிசோதனை அரசு ஆஸ்பத்திரியில இலவசம், டிபின்னு வந்தா மருந்தும் இலவசம், சத்துணவுக்கு 2024 நவம்பர்லேர்ந்து மாசம் 1,000 ரூபாய் பேங்க் கணக்குல வரும். கணக்கு இல்லாதவங்களுக்கு அத ஆரம்பிச்சு குடுக்குறதும் நம்ம வேலைதான்.

தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்கோ திருவாரூர் மெடிக்கல் காலேஜுக்கோ எழுதிக் குடுத்தா, சீட்ட கையில குடுத்து அனுப்பிடாதீங்க. எந்த கிழமை அந்த டிபார்ட்மென்ட் ஓபி, எத்தனை மணிக்கு சீட்டு குடுப்பாங்க, எந்த பஸ், கூட யாரு போறாங்க, எல்லாத்தையும் கேட்டு பின்பக்கம் எழுதுங்க. டவுன் பஸ்ஸுல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல, ஆனா தூரத்து பஸ்ஸுக்கு காசு வேணும், ஒரு நாள் கூலியும் போகும், போகாம நின்னுடுறதுக்கு முக்கால்வாசி காரணம் இதுதான். கூட போக ஆள் இல்லன்னா வாலண்டியர் ஒருத்தர் போகலாம். மொத தடவை ஒருத்தர் கூட போயி எந்த ரூம், எந்த லைன்னு காட்டிட்டா, அடுத்த தடவை அவங்களே போயிடுவாங்க.

போன் பண்றது

கிளினிக் முடிஞ்ச வாரத்துல ஒரு நாள் சாயங்காலம், வேலைக்கு போனவங்க திரும்பி வந்தப்புறம், ரெஜிஸ்டர எடுத்து வச்சுக்கிட்டு புதுசா மாத்திரை ஆரம்பிச்சவங்களுக்கு மட்டும் போன் பண்ணுங்க. "மாத்திரை போடுறீங்களா?"ன்னு கேட்டா "ம் போடுறேன்"னு வரும். "எத்தனை மாத்திரை மிச்சம் இருக்கு, அட்டைய எடுத்து எண்ணி சொல்லுங்களேன்"னு கேளுங்க. நடவு நேரம், அறுவடை நேரம், நூறு நாள் வேலை நடக்குற வாரம் இதெல்லாம் கூட்டம் கொறையும். சம்பா அறுப்பு தை மாசி மாசத்துல, அப்ப வரலன்னு அவங்கள குத்தம் சொல்லாம, அதுக்கு முந்தின தடவையே டாக்டர்கிட்ட கேட்டு சேத்து மாத்திரை வாங்கிக் குடுங்க, இல்லன்னா கிளினிக் நேரத்த சாயங்காலத்துக்கு மாத்தச் சொல்லுங்க.

மழைக்காலத்துல கண்ணுல படவேண்டியது

ஐப்பசிலேர்ந்து மார்கழி வரைக்கும் சேத்துப்புண் வரிசையா வரும். விரல் இடுக்க நல்லா தொடைச்சு காய வைக்கச் சொல்லுங்க, களிம்ப டாக்டர் எழுதுவாரு. காய்ச்சலோட கெண்டைக்கால் வலி, கண்ணு செவப்பு, வயல் தண்ணியில நின்னாங்கன்னா எலிக்காய்ச்சலா இருக்கலாம், "தண்ணியில வேலை பாத்தீங்களா"ன்னு கேட்டு எழுதி வைங்க. காய்ச்சல்காரங்களுக்கு அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு கீழ பீடியால சுட்ட மாதிரி கறுப்பா ஒரு பொருக்கு இருக்கான்னும் பாக்கணும், அது உண்ணிக்காய்ச்சலுக்கு அடையாளம், பொம்பளைங்கள பொம்பளை வாலண்டியர் தனியா மறைவுல வச்சு கேக்கணும். வயித்தால போறவங்களுக்கு ஓஆர்எஸ் பாக்கெட்ட முழுசா ஒரு லிட்டர் தண்ணியில கலக்கணும், டம்ளர் டம்ளரா பிரிச்சு கலக்கக் கூடாது.

கும்பகோணம் பக்கம் யானைக்கால் வந்த பெரியவங்க இன்னும் இருக்காங்க. வீக்கம் முழுசா போகாதுதான், ஆனா தினம் சோப்பு போட்டு கழுவி, இடுக்கெல்லாம் தொடைச்சு, ராத்திரி கால ஒசத்தி வச்சு படுத்தா அடிக்கடி வர்ற காய்ச்சலும் புண்ணும் நல்லா கொறையும். அத நீங்களே ஒரு தடவை ஒரு பேசின்ல கழுவிக் காட்டுங்க, வாயால சொல்றதவிட அது நிக்கும்.

பாம்புக்கடின்னு தூக்கிட்டு வந்தா கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க, பச்சிலை வேண்டாம். மெட்டி, மோதிரம், கொலுச கழட்டிட்டு, கடிபட்ட கைய கால அசையாம வச்சு உடனே ஜி.எச். பாம்ப தேடி நேரத்த வீணாக்க வேண்டாம். கட்டுவிரியன் ராத்திரி தரையில படுத்திருக்கும்போது கடிக்கும், வலியே இருக்காது, விடியக்காலையில வயித்து வலி, கண் இமை தூக்க முடியல, முழுங்க முடியலன்னு வருவாங்க. அப்படி ஒருத்தர் வந்து வரிசையில உக்காந்திருந்தா கண்டுபிடிக்க வேண்டியது நீங்கதான்.

வாய்க்கு வெளிய போகக் கூடாதது

நம்ம ஊர்ல எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். கிளினிக்ல கேட்டத டீக்கடையில சொன்னீங்கன்னா அந்த தெருவே அடுத்த வாரம் வராது. எச்.ஐ.வி விஷயத்த அனுமதி இல்லாம சொல்றது 2017 சட்டப்படியே குத்தம். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போடாதீங்க, மருந்து வாங்குற கைய கூட எடுக்காதீங்க. கல்யாணம் ஆகாத பொண்ணு, வீட்டுக்காரர் அடிச்ச காயத்தோட வந்த அக்கா, இவங்கள கேள்வி கேட்டு குடையாம நேரா பொம்பளை நர்ஸ்கிட்டயோ டாக்டர்கிட்டயோ கூட்டிட்டு போங்க, பதினெட்டு வயசுக்கு கீழன்னா சட்டப்படி செய்ய வேண்டியத டாக்டர் பாத்துப்பாரு. பொம்பளைங்களுக்கான உதவி நம்பர் 181, குழந்தைங்களுக்கான 1098 ரெண்டையும் சுவத்துல ஒட்டி வைங்க.

கடன், பயிர் மூழ்கிடுச்சுன்னு பேச ஆரம்பிச்சு "இருந்து என்ன பண்றது"ன்னு ஒருத்தர் சொன்னா அத பேச்சுவாக்குன்னு விட்டுடாதீங்க. பக்கத்துல உக்காருங்க, "சாகணும்னு தோணுதா அண்ணே?"ன்னு நேரா கேக்கலாம், கேக்குறதால அந்த எண்ணம் வந்துடாது. தனியா விடாம டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க, வீட்ல இருக்குற பூச்சிமருந்த வேற எடத்துல வைக்க குடும்பத்துல ஒருத்தர்கிட்ட சொல்லச் சொல்லுங்க, மனநல உதவி நம்பர் 14416ஐ எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம். 104ம் உண்டு.

முடிஞ்சப்புறம்

லான்செட் டப்பாவ முக்கால் நெறைஞ்சா மூடி அனுப்பணும், குப்பையில போடக் கூடாது. ரெஜிஸ்டர் பீரோவுல போயி பூட்டணும், யார் வீட்டுக்கும் போகக் கூடாது, போன் பண்றதுக்கு வேண்டிய பேரையும் நம்பரையும் மட்டும் ஒரு தாள்ல எழுதி எடுத்துக்கிட்டு, வேலை முடிஞ்சதும் கிழிச்சிடுங்க. அடுத்த கிளினிக் தேதிய எல்லார் சீட்டுலயும் எழுதிட்டோமான்னு ஒரு தடவை பாத்துக்குங்க, தேதியோட கிழமையும் சேத்து, அமாவாசை, கோயில் திருவிழா அன்னைக்கு விழுதான்னும் பாத்துடுங்க.

படிப்பு, வேலை, கல்யாணம்னு நீங்க ஒரு நாள் விலக வேண்டி வரலாம், அதுல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா ஒரு மாசம் முன்னாடியே சொல்லுங்க, உங்க எடத்துக்கு வர்றவங்கள ரெண்டு தடவையாவது பக்கத்துல உக்கார வச்சு பழக்குங்க, யாருக்கு காது கேக்காது, யாருக்கு போன் போட்டா பக்கத்து வீட்டுக்குத்தான் போடணும், யாரு மாத்திரைய மறந்துடுவாங்கன்னு உங்க தலையில இருக்குறத ரெஜிஸ்டர்ல அந்தந்த பேருக்கு நேரா எழுதி வச்சிட்டு போங்க.